மைக்ரான் கணக்கு

கண்ணின் முன்புறத்தை மூடியிருக்கும் கார்னியாவுக்கு நடுவில் கனம் ஏறத்தாழ 540 மைக்ரான். அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். கிட்டப்பார்வைக்கான லேசிக் சிகிச்சை அந்தக் கனத்தைச் செதுக்கித்தான் பார்வையைத் திருத்துகிறது. செதுக்கியது திரும்ப வளராது.

சுற்றியுள்ள திசுவைச் சுடாமல் செதுக்க எக்ஸைமர் லேசரால் முடியும் என்று 1981இல் அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆய்வகத்தில் கண்டவர்களில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன். அந்தத் துல்லியம் இன்றும் வியக்க வைக்கிறது. ஆனால், லேசர் பிசகாமல் வேலை செய்தாலும் கார்னியா தாங்க வேண்டுமே!

கணக்கைப் பாருங்கள். முதலில் சுமார் 110 மைக்ரான் கனத்துக்கு ஃபிளாப் எனும் மேலேட்டைப் பிரித்துத் தூக்குகிறார்கள். அதன் அடியில், ஒரு பவருக்குச் சுமார் 15 மைக்ரான் வீதம் லேசர் எடுக்கிறது. 540 கனமும் மைனஸ் 6 பவரும் உள்ளவருக்கு 340 மிஞ்சும். 480 கனமும் மைனஸ் 9 பவரும் என்றால் மிஞ்சுவது 235தான். குறைந்தது 250 வேண்டும் என்பது நெடுநாளாக உள்ள வரம்பு. 300க்குக் கீழே இறங்கத் தயங்கும் மருத்துவர்களும் உண்டு. மேலேட்டைத் திரும்ப வைத்துவிடுகிறார்களே, அதையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும். கூடாது. அது பழைய பலத்தோடு ஒட்டுவதில்லை. கார்னியாவில் வலு மிகுந்ததும் அந்த முன்பகுதிதான்.

மிஞ்சியது தாங்காவிட்டால் கண்ணின் உள்ளழுத்தம் அதை மெல்ல முன்னே தள்ளிக் கூம்பாக்கும். இதுதான் எக்டேசியா. அபூர்வமானது, ஆனால் சில ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும். கார்னியா தானாகவே கூம்பாகும் கெரடோகோனஸ் நோய் வெளியே தெரியாமல் தொடங்கியிருப்பவர்களுக்கு, கனம் போதிய அளவு இருந்தாலும் ஆபத்து உண்டு. அதைப் பிடிக்கத்தான் கார்னியாவின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் வரைபடமாக்கும் ஸ்கேன். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு “உங்களுக்கு லேசிக் வேண்டாம்” என்று திருப்பி அனுப்பும் மருத்துவரைப் பெரிதும் மதிக்கிறேன்.

எக்டேசியாவைவிடப் பரவலான தொல்லை கண் வறட்சி. மேலேட்டைப் பிரிக்கையில் நுண்நரம்புகள் அறுபடுவது இதற்கு முக்கியக் காரணம். பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் தணிகிறது, சிலருக்கு நீடிக்கிறது.

எக்டேசியா வந்தவர்களுக்கு, ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவான கிராஸ்லிங்கிங் கைகொடுக்கிறது. ரிபோஃபிளேவின் எனும் பி2 வைட்டமினைச் சொட்டி, புறஊதா ஒளி பாய்ச்சி, கார்னியாவின் கொலாஜன் இழைகளைப் பிணைத்து இறுக்குவார்கள். கூம்பு வளர்வது பெரும்பாலும் நின்றுவிடும். இழந்த வடிவம் முழுதாகத் திரும்பாது. தெளிவாகப் பார்க்கக் கெட்டியான கான்டாக்ட் லென்ஸ் தேவைப்படலாம். கண்ணைக் கசக்கும் பழக்கத்தையும் அறவே விட வேண்டும்.