மண்ணுக்குள்ளே – 9: நான்கு ஆண்டு தாமதம்

சென்ற வாரம் மண்புழுவோடு நிறுத்தியிருந்தோம். அந்த மண்புழுவுக்கும், கண்ணுக்கே தெரியாத பாக்டீரியாவுக்கும் இரை கொடுப்பது மேலே நிற்கும் செடிதான். அப்படியானால் ஒரே வகைச் செடி நிற்கும் இடத்துக்கும் பதினாறு வகை நிற்கும் இடத்துக்கும் கீழே மண்ணில் என்ன வித்தியாசம்?

ஜெர்மனியில் யேனா நகரை ஒட்டி, சாலே ஆற்றங்கரையில் 2002-ல் ஒரு பெரும் சோதனை தொடங்கியது. பல ஆண்டுகள் உரம் போட்டுக் கோதுமையும் காய்கறியும் விளைவித்த நிலம் அது. அதை 20 மீட்டருக்கு 20 மீட்டர் பாத்திகளாகப் பிரித்தார்கள். நம் கணக்கில் ஒரு பாத்தி ஏறக்குறைய 10 சென்ட். சிலவற்றில் ஒரே ஒரு வகைச் செடி. மற்றவற்றில் 2, 4, 8, 16 என்று ஏறி, சிலவற்றில் 60 வகை. எல்லாம் அந்த ஊர்ப் புல்வெளிகளில் வளர்பவை: புற்கள், பூண்டுகள், பயறு வகைச் செடிகள். உரம் கிடையாது. விதைக்காத செடி எது முளைத்தாலும் பிடுங்கியாக வேண்டும். வருஷம் தவறாமல் இந்தக் களையெடுப்பு நடக்காவிட்டால் சோதனையே இல்லை. அறிவியல் என்றதும் நுண்ணோக்கியை நினைக்கிறோம்; குனிந்து களை பிடுங்கிய கைகளையும் நினைக்க வேண்டும்.

மண்ணில் எவ்வளவு உயிர் இருக்கிறது என்று எப்படி அளப்பது? ஒரு பிடி மண்ணில் கொஞ்சம் குளுக்கோஸ் கலந்து, அது எவ்வளவு வேகமாக ஆக்சிஜனை இழுக்கிறது என்று பார்ப்பார்கள். நுண்ணுயிர் அதிகமென்றால் இழுப்பும் அதிகம்.

செடிவகை கூடக் கூட மேலே விளைந்த புல்லின் எடை சீக்கிரமே கூடியது. மண் மட்டும் அசையவில்லை. நுண்ணுயிர்களின் அளவில் தெளிவான வேறுபாடு தெரிய நான்கு ஆண்டுகள் போல ஆயிற்று. மூன்றாண்டு நிதியோடு மூட்டை கட்டியிருந்தால், செடி வகைக்கும் மண்ணுயிருக்கும் பெரிய சம்பந்தமில்லை என்று அறிக்கை எழுதி முடித்திருப்பார்கள்.

தாமதத்துக்குக் காரணம் உண்டு. உழவு நிலத்து மண்ணில் பழைய பயிரின் மிச்சமும் பழைய உரமும் கிடக்கின்றன. நுண்ணுயிர்கள் முதலில் அவற்றைத் தின்று வாழ்கின்றன. புதுச் செடிகளின் வேர்க்கசிவும் செத்த வேர்களும் போதிய அளவு சேர்ந்த பிறகே அந்தச் செடிகளின் கை ஓங்குகிறது. பல வகைச் செடி நிற்கும் பாத்தியில் வேர்வழியே மண்ணுக்குப் போகும் கரிமம் அதிகம். அடர்ந்த இலைகளின் நிழலில் மேல்மண்ணும் சட்டென்று காய்வதில்லை. நுண்ணுயிர் பெருகுகிறது, மண்ணில் தங்கும் கரிமமும் கூடுகிறது.

இன்னொரு பலன் என்னை அதிகம் கவர்ந்தது. வேர்நோய்ப் பூஞ்சைகளை ஒடுக்கும் பொருள்களைச் சுரக்கும் சூடோமோனாஸ் பாக்டீரியா, பல வகைச் செடிகள் சேர்ந்து வளர்ந்த மண்ணில் அதிகம் இருந்தது. நம் விவசாயிகள் விதைநேர்த்திக்குப் பொட்டலமாக வாங்கும் சூடோமோனாஸின் உறவுதான் அது.

யேனாவில் நின்றவை ஆண்டுக்கணக்கில் வேரூன்றி நிற்கும் புல்வெளிச் செடிகள். ஒரே பருவத்தில் அறுத்துவிடும் நெல்லுக்கோ கடலைக்கோ இந்த நான்காண்டுக் கணக்கை அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் ஒரு பருவம் ஊடுபயிர் போட்டுப் பார்த்து, மண் மாறவில்லையே என்று கைவிடும் விவசாயியிடம் இந்தப் பாத்திகளின் கதையைச் சொல்லியே தீர வேண்டும்.

யேனாவில் இத்தனை ஆண்டுகளில் மாறியது செடியா, மண்ணா? அதைப் பிரித்தறிய 2016-ல் அதே பாத்திகளுக்குள் சிறு துண்டுகளை ஒதுக்கினார்கள். ஒன்றில் பழைய செடியும் பழைய மண்ணும். இன்னொன்றில் பழைய மண்ணில் புது விதை. மூன்றாவதில் மண்ணையே அள்ளிவிட்டுப் பக்கத்து உழவு நிலத்து மண்ணை நிரப்பி, புது விதை. அந்த மூன்று துண்டுகளைப் பற்றி அடுத்த வாரம்.