யன்னலோரத்தில் எவலின்

'யுலிசிஸ்' நாவலைக் கண்டு மலைத்து நிற்கும் நேயர்கள் ஜேம்ஸ் ஜொய்ஸின் சிறுகதைகள் வழியாக அவரிடம் நெருங்குவதே நல்லது. இன்று நான் எடுத்துக்கொள்வது 'எவலின்'. 1904 செப்டெம்பரில், ஜொய்ஸுக்கு 22 வயதாயிருக்கையில், அயர்லாந்தின் விவசாயக் கூட்டுறவு ஏடொன்றில் புனைபெயரில் வெளிவந்த கதை இது. (இலக்கியம் எங்கெல்லாம் முளைக்கிறது, பாருங்கள்!) 1914இல் 'டப்ளினர்கள்' தொகுதியில் சேர்ந்தது.

பத்தொன்பது வயது கடந்த எவலின் மாலைப்பொழுதில் யன்னலோரம் அமர்ந்திருக்கிறாள். தாய் இறந்துவிட்டாள். தகப்பன் குடிப்பவர், அண்மையில் அவளை அச்சுறுத்தவும் தொடங்கிவிட்டார். கடையில் உழைக்கும் ஏழு ஷில்லிங்கையும் அவரிடம் கொடுத்துவிட்டு, வீட்டுச் செலவுக்கு அவரோடேயே போராடவேண்டும். பிராங்க் என்ற மாலுமி அவளை மணந்து புவெனஸ் அயர்ஸில் வாழவைப்பதாகச் சொல்லியிருக்கிறான். அன்றிரவு கப்பல். துறைமுகம்வரை போனவள் இரும்புக் கம்பியைப் பற்றியபடி நின்றுவிடுகிறாள்.

ஏன் போகவில்லை? என்னிடம் படிக்கும் மாணவர்கள் 'கோழை' என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிடுவார்கள். ஜொய்ஸ் அப்படி எங்கும் எழுதவில்லை. பழைய கதாசிரியராயின் காரணத்தை விளக்கி ஒரு பந்தி எழுதியிருப்பார். இவரோ பொருள்களைக் காட்டுகிறார். வாரந்தோறும் துடைத்தும் தீராத தூசி. சுவரில் மஞ்சளித்துப்போன ஒரு பாதிரியாரின் படம். தகப்பனின் பள்ளித் தோழரான அவர் மெல்பேர்ணுக்குப் போய்விட்டார், பெயர்கூட அவளுக்குத் தெரியாது. தெருவில் இசைப்பெட்டி ஒலிக்கிறது. தாய் இறந்த இரவிலும் அதே இசை. வீட்டைக் கட்டிக்காப்பேன் என்று தாய்க்குக் கொடுத்த வாக்கு நினைவில் எழுகிறது. உடனேயே, சித்தம் கலங்கி முடிந்த அந்தத் தாயின் வாழ்வும் கண்முன் நின்று 'ஓடிவிடு' என்று விரட்டுகிறது. ஒரே நினைவு இருபுறமும் இழுக்கிறது. கதையின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பேன்.

கப்பல் புறப்படும் நோர்த் வோல் துறை, அக்காலத்தில் லிவர்பூல் பயணத்துக்குரியது. ஆகவே பிராங்க் சொன்னது மெய்தானா என்று விமர்சகர் ஹியூ கென்னர் ஐயுற்றார். லிவர்பூலில் வேறு கப்பல் ஏறலாமே என்பது மறுசாரார் வாதம். இரண்டில் எதையும் கதை உறுதிப்படுத்தவில்லை. பிராங்கைப் பற்றி எவலினுக்குத் தெரிந்த அளவே நமக்கும் தெரியும். 'கோழை' என்பவர்கள் அவள் அறியாத ஒன்றைத் தாம் அறிந்தவர்போலப் பேசுகிறார்கள்.

கதை அச்சாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1904 ஒக்டோபர் 8ஆம் திகதி, அதே நோர்த் வோலில், நோரா பார்னக்கிள் என்ற இளம்பெண் ஜொய்ஸுடன் மணமாகாமலே கப்பலேறினாள். சட்டப்படி மணம் நடந்தது 1931இல்.