இன்டெக்ஸ் இருந்தும் இழுக்கும் குவெரி

ஒரு கோடி வரிகள் உள்ள டேபிளில் ஒரே ஒரு கைபேசி எண்ணைத் தேடச் சொன்னால், இன்டெக்ஸ் இல்லாத டேட்டாபேஸ் அத்தனை வரிகளையும் படித்துத்தான் தீரும். இன்டெக்ஸ் இருந்தால் நாலைந்து பக்கங்களைப் புரட்டியதுமே விடை கிடைத்துவிடும்.

பெரும்பாலான இன்டெக்ஸ்களின் உள்ளே இருப்பது பி-மரம். போயிங் ஆய்வகத்தில் ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்கிரைட்டும் உருவாக்கி, 1972-இல் கட்டுரையாக வெளியிட்டது. டிஸ்க்கிலிருந்து ஒரு எழுத்து வேண்டுமென்றாலும் ஒரு முழுப் பக்கத்தை எடுத்தாக வேண்டும். போஸ்ட்கிரெஸில் அது 8 கிலோபைட். எடுப்பதுதான் எடுக்கிறோம், பக்கம் முழுக்க வழிகாட்டிகளை நிரப்பிவிட்டால் என்ன? ஒரு பக்கத்தில் 300 கிளைகள் என்று வைத்துக்கொண்டால், மூன்றே அடுக்கில் 2 கோடியே 70 லட்சம் வரிகளை எட்டிவிடலாம்.

பிறகு ஏன் இன்டெக்ஸ் போட்ட பின்னும் குவெரி இழுக்கிறது? பல நேரம் நாம் கேட்கும் விதம்தான் காரணம். 2023-ஆம் ஆண்டு பில்கள் வேண்டும் என்பதற்காக, பில் தேதி நெடுவரிசையின் மேல் 'இயர்' ஃபங்ஷனைப் போடுகிறோம். இன்டெக்ஸ் வரிசைப்படுத்தி வைத்திருப்பது தேதிகளை. ஃபங்ஷன் தரும் விடைகளை அல்ல. ஆகவே ஒவ்வொரு வரியாகக் கணக்குப் போட வேண்டியதாகிறது. '2023 ஜனவரி 1 முதல், 2024 ஜனவரி 1-க்கு முன்' என்று நெடுவரிசையில் ஃபங்ஷன் எதுவும் போடாமல் கேட்டால் மரம் வேலை செய்யும். 'டிசம்பர் 31 வரை' என்று எழுதுபவர்கள் உண்டு. நெடுவரிசையில் தேதியோடு நேரமும் சேர்ந்திருந்தால், அன்று நள்ளிரவு தாண்டிப் போட்ட பில்கள் அத்தனையும் விடுபட்டுப் போகும்.

மைஎஸ்கியூஎல்லில் இன்னொரு வம்பு. கைபேசி எண்ணை எழுத்தாகச் சேமித்துவிட்டு, தேடும்போது மேற்கோள் குறி இல்லாமல் வெறும் எண்ணாகக் கொடுத்தால் இன்டெக்ஸ் பயன்படாது. பிழைச்செய்தியும் வராது, விடை தாமதமாக வரும், அவ்வளவுதான். குவெரியின் முன்னால் 'எக்ஸ்ப்ளெயின்' சேர்த்து ஓட்டினால் எந்த வழியில் தேடப்போகிறது என்று டேட்டாபேஸே சொல்லிவிடும். இதைப் பார்க்காமல் இன்டெக்ஸை மட்டும் கூட்டிக்கொண்டே போவது வீண் வேலை.

வீண் மட்டுமல்ல, செலவும்கூட. புதிதாக வரும் ஒவ்வொரு வரிக்கும் அத்தனை மரங்களிலும் இடம் தேட வேண்டும். வேறொரு சிஸ்டத்திலிருந்து லட்சக்கணக்கில் தரவு ஏற்றும் ஸ்கிரிப்டில், இன்டெக்ஸ்களை எடுத்துவிட்டு ஏற்றி, முடிந்ததும் மறுபடி கட்டுவது பல சமயம் வேகமானது. யூனிக் இன்டெக்ஸில் மட்டும் கை வைக்கக் கூடாது. பாதியில் நின்ற ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டும்போது, ஏற்கெனவே ஏறிய வரிகள் இரண்டாம் முறை ஏறாமல் தடுப்பது அதுதான்.