பிறவிக் குற்றவாளி உண்டா?

ஒருவன் திருடிப் பிடிபடுகிறான். அவன் தந்தையும் சிறை சென்றவன் என்று தெரிய வருகிறது. "இரத்தத்தில் ஊறியது, எங்கே போகும்?" என்று நாம் கூறிவிடுகிறோம். திண்ணைப் பேச்சில் எளிதாகப் பிறந்துவிடும் இந்த அபிப்பிராயத்திற்கு விஞ்ஞானத்தின் ஆதரவு எவ்வளவு உண்டு என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இக்கொள்கைக்கு விஞ்ஞான வேடம் பூட்டியவர் இத்தாலிய மருத்துவர் செஸாரே லொம்பிரோசோ. கொள்ளைக்காரன் ஒருவனுடைய மண்டையோட்டின் பின்புறத்தில் வழக்கத்துக்கு மாறான ஒரு பள்ளத்தை அவர் கண்டார். மனித வளர்ச்சியின் முற்பட்ட படியில் நின்றுவிட்டவர்களே பிறவிக் குற்றவாளிகள் என்றும், பெரிய தாடை, நீண்ட கை போன்ற குறிகளால் அவர்களை அறியலாம் என்றும் 1876இல் வெளியான தம் நூலில் வாதித்தார். இங்கிலாந்தில் சார்லஸ் கோரிங் என்பார் சுமார் 3,000 கைதிகளை அளந்து, ஏனையோருடன் ஒப்பிட்டு, அத்தகைய தனி உருவ வகை எதுவும் இல்லை என்று 1913இல் காட்டினார். குற்றத்தை மட்டும் நோக்காமல் குற்றம் செய்த மனிதனையும் ஆராய வேண்டும் என்ற எண்ணத்தை வலுப்படுத்திய பெருமை மட்டும் லொம்பிரோசோவுக்கு எஞ்சிற்று.

முகத்தைப் பார்த்துக் குணம் சொல்லும் வித்தை அத்துடன் ஒழிந்தது. ஆனால் பாரம்பரியம் பற்றிய வினா ஒழியவில்லை. தந்தையும் மகனும் ஒரே வீட்டில் வாழ்கையில், மகன் பெற்றது இரத்தத்தின் வழியா, வளர்ப்பின் வழியா என்று எவ்வாறு பிரித்தறிவது? இதற்குத் தத்துப் பிள்ளைகளை ஆராய்வது ஒரு வழி. டென்மார்க்கில் 1924 முதல் 1947 வரை தத்துக் கொடுக்கப்பட்ட 14,427 பேரின் பதிவுகளை ஆராய்ந்து, 1984இல் மெட்னிக் முதலிய அறிஞர்கள் முடிவுகளை வெளியிட்டனர். பெற்றோரும் வளர்த்தோரும் தண்டனை பெறாதவர்களாயின், ஆண் பிள்ளைகளில் நூற்றுக்கு 13.5 பேர் பின்னாளில் தண்டனை பெற்றிருந்தனர். வளர்த்தோர் மட்டும் தண்டனை பெற்றவர்களாயின் 14.7. பெற்றோர் மட்டும் தண்டனை பெற்றவர்களாயின் 20. இரு சாராரும் தண்டனை பெற்றவர்களாயின் 24.5.

உயிரியல் விளக்கத்தின் பலம் இவ்வெண்களில் தெளிவாகத் தெரிகிறது. கண்ணாலும் காணாத பெற்றோரின் சாயல் பிள்ளையின் வாழ்வில் ஓரளவு படிகிறது. இதனை மறுப்பது நேர்மையன்று. ஆனால் அதே எண்களை மறுபக்கமாகப் படியுங்கள். தண்டனை பெற்ற பெற்றோருக்குப் பிறந்து, அத்தகைய கறையற்ற வீட்டில் வளர்ந்த ஆண்களில் ஐவரில் நால்வர் எத்தண்டனையும் பெறவில்லை. மேலும், பெற்றோருடனான இத்தொடர்பு சொத்து பற்றிய குற்றங்களில்தான் புலப்பட்டது. வன்முறைக் குற்றங்களில் புலப்படவில்லை. நாம் கொலைகாரனைப் பற்றியன்றோ "பிறவிக் குணம்" என்கிறோம்!

தனி மரபணுவைக் குறித்த ஆராய்ச்சியும் உண்டு. நெதர்லாந்துக் குடும்பம் ஒன்றில் ஆண்கள் சிலர் திடீர் ஆவேசத்திற்கும் வன்செயலுக்கும் ஆளாயினர். மூளையில் செய்தி கடத்தும் சில இரசாயனப் பொருள்களைச் சிதைக்கும் நொதி ஒன்று அவர்களிடம் வேலை செய்யவில்லை. அதற்குரிய மரபணு பழுதுபட்டிருந்தது என 1993இல் புரூன்னர் குழுவினர் கண்டனர். இத்தகைய பழுது மிக மிக அரிது. அம்மரபணு அவ்வாறு பழுதுறாமல் வலுக்குறைந்து மட்டும் இருப்போர் ஏராளம். நியூஸிலாந்தில் 2002இல் வெளியான ஓர் ஆய்வு, அவர்களுள் சிறுவயதில் கொடுமைக்குள்ளானவர்களிடமே தீய நடத்தை மிகுந்திருந்ததெனக் கூறிற்று. பின்வந்த ஆய்வுகள் யாவும் இதனை ஒரே அளவில் உறுதி செய்யவில்லை.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நமக்கு இங்கே ஒரு சொல் உறுத்துகிறது. குற்றம் என்பது சட்டம் வகுத்த சொல். 1930இல் கடற்கரையில் உப்புக் காய்ச்சியவர்கள் அன்றைய சட்டப்படி குற்றவாளிகள். அவர்களுடைய எந்த மரபணுவைத் தேடுவது? ஆவேசத்திற்கும் அவசரப் புத்திக்கும் உடலில் காரணம் தேடலாம். சட்டம் மாறினால் மறைந்துவிடும் ஒன்றுக்கு அவ்வாறு தேடுதல் இயலாது.

இத்தகைய எண்ணம் ஆராய்ச்சிச் சாலையை விட்டுச் சட்டப் புத்தகத்தில் ஏறினால் விளைவு யாது என்பதை நம் நாடு அனுபவித்தறிந்தது. லொம்பிரோசோவின் நூலுக்கு ஐந்தாண்டு முன்னதாகவே, 1871இல், பிரிட்டிஷ் அரசாங்கம் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. ஜாதிக்கொரு தொழில் உண்டெனில், குற்றமும் தந்தை வழியாக வரும் ஒரு ஜாதித் தொழிலே என்பது அதனை ஆதரித்தோர் வாதம். ஒரு கூட்டத்தாரைக் குற்றப் பரம்பரை என்று அறிவித்தால், அவ்வறிவிப்பை நீதிமன்றத்தில் எதிர்க்க வழியில்லை. பெயர் பதிதல், ஆஜர் கொடுத்தல், அனுமதிச் சீட்டின்றி வெளியூர் செல்லாமை ஆகியன ஒரு குற்றமும் செய்யாதவர்மேலும் சுமத்தப்பட்டன. 1911இல் திருத்தி இயற்றப்பட்ட சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகைப் பதிவை எதிர்த்த கள்ளர் சமூகத்தார் மீது 1920 ஏப்ரலில் மதுரைச் சீமையின் பெருங்காமநல்லூரில் போலீஸார் சுட்டதில் பலர் மாண்டனர்.

ஒரு முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். 1911ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வேறிடத்தில் வைத்து வளர்க்கவும் இடமளித்தது. குற்றம் இரத்தத்தில் உள்ளதெனில் பிரிப்பதால் பயன் என்ன? வளர்ப்பினால் வருவதெனில் பிறந்த குழந்தையைக் குற்றப் பரம்பரையில் சேர்ப்பானேன்? இவ்வினாக்களுக்கு அச்சட்டத்தில் விடையில்லை.

சென்னை மாகாணம் அச்சட்டத்தை 1947இலேயே நீக்கிற்று. அனந்தசயனம் அய்யங்கார் தலைமையிலான விசாரணைக் குழுவின் பரிந்துரைக்குப் பின், 1952 ஆகஸ்டு 31ஆம் நாள் நாடெங்கும் அது நீங்கியது. ஆயினும் பல மாநிலச் சிறைக் கையேடுகளில் அதன் வாடை தங்கியிருந்தது. நாடோடிக் கூட்டத்தாரையும் முன்னாள் "குற்றப் பரம்பரை"யினரையும் பிறப்பை வைத்தே வழக்கமான குற்றவாளிகளாகக் கருத இடமளித்த அவ்விதிகளை, 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்து, திருத்துமாறு அரசுகளுக்கு ஆணையிட்டது.