கொக்கி ஊசியும் கம்பளிப் போர்வையும்

புதுக்கோட்டை மாவட்டம் வெயிலுக்குப் பெயர் பெற்றது. செம்மண் பொட்டல்களும், முந்திரிக் காடுகளும், பாறைக் குன்றுகளும் நிறைந்த இந்நிலத்தில் வாழ்வோர்க்குக் கம்பளிப் போர்வை எதற்கு என்று சிலர் வினவலாம். மார்கழி, தைத் திங்கள்களில் விடியற்காலையில் வயலுக்குச் செல்வோரும், திண்ணையில் துயிலும் முதியோரும் அவ்வினாவுக்கு விடை தருவர். 2018ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16ஆம் நாள் வீசிய கஜா புயல் அதனினும் தெளிவான விடையைத் தந்தது. வேதாரணியத்தை ஒட்டிக் கரை கடந்த அப்புயல், புதுக்கோட்டை, தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது, கூரைகளைப் பிய்த்தெறிந்தது. ஈரத் தரையில் இரவைக் கழிக்க நேர்ந்தவர்க்கு உணவுக்கும் குடிநீருக்கும் அடுத்தபடியாக வேண்டியிருந்தவை பாயும் போர்வையுமே ஆகும்.

போர்வை வெப்பத்தைத் தருகிறது என்று நாம் கூறுவது வழக்கம். உண்மையில் போர்வையிடம் வெப்பம் ஏதும் இல்லை. நம் உடலில் இயல்பாகத் தோன்றும் வெப்பம் வெளியேறாமல் அது காக்கிறது, அவ்வளவே. கம்பளி இழைகளுக்கிடையே சிறு சிறு காற்றறைகள் உள்ளன. அசையாது நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆதலின், எந்தப் பின்னல் மிகுதியான காற்றைத் தன்னுள் சிறைப்படுத்துகிறதோ, அந்தப் பின்னலே குளிருக்கு நல்ல காவலாகும். அத்தகைய பின்னல் ஒன்றனைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

கம்பளி நூலைக் கையால் பின்னுவதில் இருமுறைகள் பலரும் அறிந்தவை. இரண்டு நீண்ட ஊசிகளைக் கொண்டு பின்னுவது ஒன்று. இதில் ஒரு வரிசையின் கண்ணிகள் யாவும் ஊசியின்மேலேயே தங்கியிருக்கும். நுனியில் கொக்கியுடைய ஒரே ஊசியைக் கொண்டு பின்னுவது மற்றொன்று. இதனைக் குரோஷே என்பர். சிறு கொக்கி என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல் அது. இம்முறையில் ஊசியின்மேல் ஒரு கண்ணியே நிலையாக இருக்கும். ஒவ்வொரு கண்ணியையும் முடித்த பின்னரே அடுத்ததற்குச் செல்வர். வரிசை முடிந்ததும் துணியைத் திருப்பிக்கொண்டு மீண்டும் தொடங்குவர்.

இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவது முறை ஒன்று உண்டு. ஊசி ஒன்றே, ஆனால் கண்ணிகளோ பல. துணியைத் திருப்புவதும் இல்லை. இதற்குத் துனீசியப் பின்னல் என்று பெயர். துனீசியா வட ஆப்பிரிக்காவிலுள்ள நாடு. ஆப்கானியப் பின்னல் என்றும் இதனைச் சொல்வதுண்டு. இரண்டு நாடுகளின் பெயர்களை இப்பின்னல் தாங்கி நின்றபோதிலும், அந்நாடுகளில் ஏதேனும் ஒன்றில் இது பிறந்தது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்து முதலிய ஐரோப்பிய நாடுகளின் மகளிர் இதழ்கள் வாயிலாக இது பரவியது என்பது தெரிகிறது. நம் நாட்டில் குரோஷே அறிந்தவருள்ளும் இதனை அறிந்தவர் சிலரே.

இதற்குரிய ஊசி, சாதாரணக் கொக்கி ஊசியைப்போல் இருமடங்கு நீளமுடையது. ஒரு முனையில் கொக்கியும், மறுமுனையில் கண்ணிகள் நழுவி விழாதபடி ஒரு குமிழும் இருக்கும். நடுத்தரப் பருமனுள்ள கம்பளி நூலுக்கு 6 மில்லிமீட்டர் பருமனுள்ள ஊசி ஏற்றது.

முதலில் நூலின் முனையில் சுருக்கு முடிச்சிட்டு, அதனை ஊசியில் மாட்டி, 32 சங்கிலிக் கண்ணிகள் போடவேண்டும். இதுவே அடித்தளம். ஊசியில் உள்ள கண்ணியை ஒன்று எனக் கொண்டு, அதற்கடுத்த சங்கிலிக் கண்ணியில் கொக்கியை நுழைத்து, நூலை இழுத்து, அவ்வாறு வந்த புதுக் கண்ணியை ஊசியின்மேலேயே நிறுத்துக. இவ்வாறு வலமிருந்து இடமாக ஒவ்வொன்றாய் எடுத்துச் சென்றால், முடிவில் ஊசியின்மேல் 32 கண்ணிகள் வரிசையாக நிற்கும். இதனைச் செல்லும் நடை எனலாம்.

இனி மீளும் நடை. கொக்கியில் நூலைச் சுற்றி, முதலில் ஒரே ஒரு கண்ணியின் வழியாக இழுக்கவேண்டும். பிறகு, ஒவ்வொரு முறையும் நூலைச் சுற்றி இரண்டு கண்ணிகளின் வழியாக இழுத்துக்கொண்டே வந்தால், ஊசியின்மேல் உள்ளவை ஒவ்வொன்றாய்க் குறைந்து, வலக்கோடியில் ஒரு கண்ணி மட்டும் எஞ்சும். சென்றதும் மீண்டதும் சேர்ந்தே ஒரு வரிசையாகும்.

இப்பொழுது பின்னலைக் கூர்ந்து நோக்கினால், அதன் முகத்தில் சிறு சிறு செங்குத்துக் கம்பிகள் நிற்பதுபோல் தோன்றும். அடுத்த வரிசையின் செல்லும் நடையில், ஊசியிலுள்ள கண்ணிக்கு நேர் கீழே நிற்கும் முதற் கம்பியை விட்டுவிட்டு, இரண்டாம் கம்பியிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றின் பின்னும் கொக்கியை வலமிருந்து இடமாக நுழைத்து நூலை இழுக்கவேண்டும். இடக்கோடியில் உள்ள இறுதிக் கம்பியில் மட்டும் ஓரத்து இழைகள் இரண்டினையும் சேர்த்து எடுக்கவேண்டும். அவ்வாறு எடுத்தால் ஓரம் உறுதியாக நிற்கும்.

புதிதாகப் பழகுவோர் பெரும்பாலும் தவறவிடுவது இந்த இறுதிக் கம்பியையே. அது துணியின் ஓரத்தில் ஒளிந்து நிற்பதே இதற்குக் காரணம். வரிசைதோறும் ஒரு கண்ணியை விட்டுவிட்டால், 32 கண்ணிகளோடு தொடங்கிய பட்டை 31 வரிசைகளுக்குப் பின் ஒரே கண்ணியில் வந்து முடியும். நாம் விரும்பிய நாற்கோணம் முக்கோணமாகிவிடும். ஆகவே, ஒவ்வொரு முறையும் மீளுமுன் ஊசியின்மேல் உள்ள கண்ணிகளை எண்ணுதல் வேண்டும். எண்ணிக்கை பிசகியிருந்தால், நூலை இழுத்துப் பிரித்து, அந்நடையை மட்டும் மறுபடி பின்னலாம். அதற்காகும் நேரம் ஓரிரு நிமிடமே.

இப்பின்னலில் முன்புறம் செங்குத்துக் கம்பிகளும், அவற்றின் பின்னே மீளும் நடையின் சங்கிலியும் அமைகின்றன. எனவே துணி தடிப்பாகிறது, காற்றறைகள் மிகுகின்றன, நூலும் சற்று மிகுதியாகவே செலவாகிறது. முன்னும் பின்னும் இழுவிசை வேறுபடுவதால், துணி பாய்போலச் சுருளும் இயல்பும் இதற்கு உண்டு. நூலை இறுக்கி இழுத்தால் அது மேலும் சுருளும். வழக்கமாக எடுப்பதைவிடச் சற்றுப் பருத்த ஊசியால் கையைத் தளர்த்திப் பின்னுவதும், முடிந்த துணியை நனைத்துப் பிழிந்து, சமதரையில் விரித்து, ஓரங்களில் குண்டூசி குத்தி உலர்த்துவதும், நாற்புறமும் சாதாரணக் குரோஷே முறையில் கரை கட்டுவதும் இதற்கு மாற்றாகும்.

ஒரு போர்வையின் அகலம் முழுவதையும் ஓர் ஊசி தாங்காது. ஆகவே போர்வையைப் பட்டை பட்டையாகப் பின்னி, முனை மழுங்கிய தையலூசியால் வரிசைக்கு வரிசை பொருத்தித் தைப்பது எளிய வழி. மேற்கூறிய நூலிலும் ஊசியிலும் 10 சென்டிமீட்டர் அகலத்திற்கு 16 கண்ணிகளும், அதே உயரத்திற்கு 14 வரிசைகளும் அமையும் எனக் கொள்வோம். அவ்வாறாயின் 32 கண்ணிகள் 20 சென்டிமீட்டர் அகலமாகும். 125 சென்டிமீட்டர் நீளத்திற்கு 175 வரிசைகள் வேண்டும். இத்தகைய பட்டைகள் ஐந்தினை இணைத்தால் ஒரு மீட்டர் அகலமும் ஒன்றேகால் மீட்டர் நீளமும் உடைய போர்வை கிடைக்கும். ஆனால் ஒருவர் கை இறுக்கமாகவும் மற்றொருவர் கை தளர்வாகவும் இருப்பது இயல்பு. ஆதலின் ஒவ்வொருவரும் முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்னி, அளவுகோல் வைத்துப் பார்த்து, இறுக்கமாயின் பருத்த ஊசியையும், தளர்வாயின் மெல்லிய ஊசியையும் கொள்ளுதல் வேண்டும்.

இனி இவ்வேலையின் உழைப்பைக் கணக்கிடுவோம். ஒரு பட்டையில் 32 பெருக்கல் 175, அதாவது 5,600 கண்ணிகள். ஐந்து பட்டைகளில் 28,000 கண்ணிகள். ஒவ்வொரு கண்ணியையும் எடுப்பதற்கு ஒரு முறை, முடிப்பதற்கு ஒரு முறை எனக் கை 56,000 முறை அசைகிறது. பழகிய கை ஒரு வரிசையை இரண்டு நிமிடத்தில் முடிக்கும் எனக் கொண்டால், ஒரு பட்டைக்கு 5 மணி 50 நிமிடமும், ஐந்து பட்டைகளுக்கு 29 மணி 10 நிமிடமும் ஆகும். தைப்பதும் கரை கட்டுவதும் இதில் சேரா. கைப்பின்னலைக் காண்போர், “பொழுதுபோக்காகச் செய்தது” என்று சொல்லிவிடுவர். கணக்கு வேறு கூறுகிறது அன்றோ? கையால் பின்னிய போர்வைக்கு ஒருவர் விலை பேசும்போது, அவ்விலையிலிருந்து நூலின் விலையைக் கழித்து, எஞ்சியதை 29ஆல் வகுத்துப் பார்த்தால், பின்னியவர்க்குக் கிடைத்த ஒரு மணி நேரக் கூலி இன்னதென விளங்கும்.

இந்தக் கூலியைப் பொறுத்தே பல பெண்களின் வாழ்வு அமைந்தது. 1845ஆம் ஆண்டு முதல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் நேர்ந்தபோது, அந்நாட்டுப் பெண்களும் சிறுமியரும் கொக்கி ஊசியால் லேஸ் பின்னி விற்றுத் தம் குடும்பங்களைக் காத்தனர். நம் தமிழகத்தில், 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார், அங்கிருந்த பெண்களுக்குக் கல்வியோடு லேஸ் பின்னலையும் கற்பித்தார். அது கொக்கி ஊசியால் அன்றி, நூல் சுற்றிய சிறு கட்டைகளால் பின்னப்படுவது. அடிமைக் குடும்பங்களிற் பிறந்த சிறுமியருள் சிலர், அப்பின்னலால் ஈட்டிய பொருளைக் கொண்டு தம் விடுதலையையே பெற்றனர்.

ஆயினும் உழைத்தவர்க்கெல்லாம் உரிய பயன் கிட்டிவிடவில்லை. ஆந்திர நாட்டில் கோதாவரிக் கரையை அடுத்த நரசாபுரம் குரோஷே லேசுக்குப் பெயர் பெற்றது. அதற்கு 2024ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டது. அங்குள்ள பெண்களின் நிலையை ஆராய்ந்த மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். வெளிநாட்டுச் சந்தைக்காக நாள்தோறும் நெடுநேரம் பின்னிய அப்பெண்களை, ஓய்வு நேரத்தைக் கழிக்கும் இல்லத்தரசியராகவே கருதினமையால், அவர்கள் மிகக் குறைந்த கூலியே பெற்றனர் என்பதை அந்நூல் எடுத்துக்காட்டியது. உழைப்பைப் பொழுதுபோக்கு என்று அழைப்பதால் விளையும் தீங்கு இதுவே.

பலர் கூடி ஓரளவாகப் பின்னினால் எத்துணைப் பெரிய காரியமும் கைகூடும் என்பதற்குச் சென்னையில் ஒரு சான்று உண்டு. சுபஸ்ரீ நடராஜன் என்பார் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ என்னும் குழுவினர், 2016ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 31ஆம் நாள், தாம் பின்னிய துண்டுகளை ஒன்றாக இணைத்து ஒரு மாபெரும் போர்வையை விரித்தனர். அதன் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். அதாவது ஏறத்தாழ இரண்டே முக்கால் ஏக்கர். கொக்கி ஊசியால் பின்னப்பட்ட போர்வைகளுள் உலகிலேயே பெரியது எனக் கின்னஸ் நிறுவனம் அதனை ஏற்றது. நாம் மேலே கணக்கிட்ட போர்வையைப் போல் ஏறக்குறைய 8,900 போர்வைகளுக்கு அது நிகராகும். சாதனை முடிந்தபின், அதனைப் பிரித்து, குளிரில் வாடும் எளியோர்க்கு வழங்கினர்.

அறியாத ஒன்றைக் கற்றுப் பிறர்க்கும் கற்பித்தல் புதுக்கோட்டைப் பெண்களுக்குப் புதிதன்று. 1991, 1992ஆம் ஆண்டுகளில் அறிவொளி இயக்கம் இங்கு நடைபெற்றபோது, எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுதலையும் ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றனர். முதலில் கற்றவர் அடுத்தவரைக் கைபிடித்துப் பழக்கினர். பின்னற்கலையும் அவ்வாறே கைக்குக் கை பரவத் தக்கது. ஒரு வகுப்பில் ஐவர் சேர்ந்து ஆளுக்கொரு பட்டை பின்னலாம். ஆண், பெண் என்னும் வேறுபாடு இதற்கு வேண்டுவதில்லை. நாள்தோறும் ஐந்து வரிசை பின்னினால் 35 நாள்களில் பட்டை முடிந்துவிடும். ஆடித் திங்களில் தொடங்கினால், ஐப்பசி மழைக்கும் புயலுக்கும் முன்னரே ஒரு போர்வை ஆயத்தமாகிவிடும்.

ஆனால் ஐந்து பட்டைகளும் 175 வரிசைகளாகவே இருத்தல் வேண்டும். ஒருவர் 170இல் நிறுத்திவிட்டால், ஏனைய நால்வரின் உழைப்பும் அப்பட்டையின் அருகில் வந்து கோணி நிற்கும். ஆகவே, பின்னத் தொடங்குமுன் கூடி அளவு குறியுங்கள். பின்னும்போது எண்ணிக்கொண்டே பின்னுங்கள். மழை இரவில் அப்போர்வையைப் போர்த்திக்கொள்ளும் முதியவர்க்கோ குழந்தைக்கோ 28,000 கண்ணிகளும் வேண்டும்.