ஒரு பக்கம், ஒரே நோக்கம்

நுவரெலியா நகருக்கு இன்று புகையிரதப் பாதை இல்லாமையால், அங்கு செல்வோர் 1885இல் திறக்கப்பட்ட நானுஓயா நிலையத்தில் இறங்கி, எஞ்சிய சில கிலோமீற்றரை வீதிவழியே கடக்கின்றனர். இப்பயணிகளை நாடி வாகன உரிமையாளரோ விடுதியாளரோ இணையத்தில் விளம்பரம் செய்யும்போது, அதனை அழுத்துபவர் முதலில் வந்தடையும் பக்கமே 'இறங்கு பக்கம்' எனப்படுகிறது. வந்தவர்களுள் முன்பதிவு முதலிய எதிர்பார்த்த செயலை நிறைவேற்றுவோரின் விகிதம் 'மாற்ற வீதம்' ஆகும்.

நிலையத்திலிருந்து நகருக்கு வாகனம் உண்டு என்று விளம்பரம் கூறுமாயின், பக்கமும் அதனையே தலைப்பில் உறுதிப்படுத்தி, கட்டணம், ஏறும் இடம், புகையிரதம் தாமதித்தால் காத்திருக்கும் ஏற்பாடு ஆகியவற்றைத் தெரிவித்து, ஒரேயொரு முன்பதிவுப் பொத்தானில் முடிய வேண்டும். தேயிலைத் தொழிற்சாலைச் சுற்றுலா, விடுதி அறைகள் எனப் பிற இணைப்புகள் கூடுந்தோறும் கவனம் சிதறுகிறது. மலைச்சரிவுகளில் இணையத் தொடர்பு நலியும் இடங்களில் பெரிய படங்கள் திறக்கத் தாமதிப்பதால், பயணி பக்கத்தை மூடிவிடவும் கூடும்.

பக்கத்தின் எவ்வடிவம் சிறந்தது என்பதை ஊகத்தால் அன்றி ஒப்பீட்டுச் சோதனையாலேயே அறியலாம். 2008ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலில் ஒபாமாவின் பிரசார அணி, தன் இணையப் பக்கத்தின் படத்தையும் பொத்தானின் சொல்லையும் மாற்றிப் பார்த்து, பதிவு செய்வோரின் வீதத்தை 8.26 சதவீதத்திலிருந்து 11.6 சதவீதமாக உயர்த்தியது. வருகையாளர் குறைந்த சிறு தொழிலில் இத்தகைய முடிவுகள் தெளிவாக நீண்ட காலம் செல்லும் என்பதால், ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் சோதிப்பதே தக்கது.