ஏ.சி. குளிரவில்லையா? ஹீட்டர் வால்வைப் பாருங்கள்

மண்டிக்கும் வசூலுக்கும் போய்வர இன்றும் பழைய மாருதி 800 வைத்திருக்கும் வணிகர்கள் நம்மிடையே உண்டு. 1983 டிசம்பரில் தொடங்கிய அதன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. ஆகவே இன்று ஓடும் வண்டிகள் எல்லாமே வயதானவைதான். 'இன்ஜின் நன்றாக இருக்கிறது, ஏ.சி.தான் குளிரவில்லை, காலடியில் அனல் வீசுகிறது' என்று இவர்களில் பலர் குறைப்படுகிறார்கள். பட்டறையில் கேஸ் நிரப்புகிறார்கள். பணம் போகிறது, வெக்கை போவதில்லை. யாரும் நினைத்துப் பார்க்காத ஹீட்டர் வால்வு இதற்குக் காரணமாக இருக்கக்கூடும்.

டாஷ்போர்டுக்குப் பின்னால் சிறிய ரேடியேட்டர் போன்ற ஹீட்டர் கோர் ஒன்று இருக்கிறது. இன்ஜினைச் சுற்றிச் சூடேறிய தண்ணீர் ஒரு ரப்பர் ஹோஸ் வழியே அதற்குள் போய், மற்றொன்றின் வழியே திரும்புகிறது. போகிற வழியில் உள்ள திருகுக் குழாய் போன்ற அமைப்பே வால்வு. டாஷ்போர்டில் உள்ள நெம்புகோலைத் தள்ளினால், கேபிள் இழுத்து அதைத் திறக்கும் அல்லது மூடும். நம் ஊர் வெயிலில் அந்த நெம்புகோலை வருடக்கணக்கில் யாரும் தொடுவதில்லை. ரேடியேட்டரில் ஊற்றும் உப்புத் தண்ணீரோ வால்வில் படிந்து, அதைப் பாதி திறந்த நிலையில் இறுக்கிவிடுகிறது. பிறகு ஏ.சி. ஒரு பக்கம் குளிரவைக்க, ஹீட்டர் மறுபக்கம் சூடாக்குகிறது.

சோதிப்பது எளிது. இன்ஜின் நன்கு சூடானபின் நெம்புகோலைக் குளிர்ப் பக்கம் வைத்துச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, இன்ஜினை நிறுத்துங்கள். ஃபேனுக்குக் கை படாமல், வால்வுக்கு முன்னும் பின்னும் உள்ள ஹோஸைத் துணியோடு தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே சூடாக இருந்தால் வால்வு மூடவில்லை. அதற்காக உடனே புது வால்வு வாங்க ஓட வேண்டாம். ஒருவர் நெம்புகோலைத் தள்ள, மற்றவர் வால்வின் கையைக் கவனிக்கட்டும். கை அசையாவிட்டால் கேபிள் கிளிப் நழுவியிருக்கலாம். அதைச் சரிசெய்யச் செலவே இல்லை. கை அசைந்தும் சூடு குறையாவிட்டால், அல்லது வால்வில் கசிவு இருந்தால், மாற்றத்தான் வேண்டும். வண்டிக்குள் கால்மிதி நனைந்து இனிப்பு வாடை அடித்தால் கசிவு என்று அறியலாம்.

மாற்றும் வேலையை இன்ஜின் ஆறிய பிறகே தொடங்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். தண்ணீரை வடித்துவிட்டு ஹோஸைக் கழற்றும்போது மெக்கானிக் அவசரப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ரப்பர் குழாயோடு ஒட்டிப்போயிருக்கும். முறுக்கி இழுத்தால் ஹீட்டர் கோரின் குழாயே பிய்ந்துவிடும். அப்புறம் டாஷ்போர்டைக் கழற்ற வேண்டிவரும், கூலியும் பல மடங்காகும். ஹோஸைக் கத்தியால் நீளவாக்கில் கீறி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதே லாபம். கிளிப்புகளும் புதிதாக இருக்கட்டும். வால்வில் அம்புக்குறி இருந்தால் அந்தத் திசையிலேயே பொருத்த வேண்டும்.

கூலண்ட் ஊற்றியபின் நெம்புகோலைச் சூட்டுப் பக்கம் வைத்து, மூடியைத் திறந்தபடியே இன்ஜினை ஓட்டி, குமிழிகள் நிற்கும்வரை நிரப்புவது அவசியம். உள்ளே காற்று தங்கினால் இன்ஜின் சூடேறும். அலுமினிய சிலிண்டர் ஹெட் கோணிக்கொண்டால் வால்வின் விலையெல்லாம் கணக்கிலேயே வராது.

'ஹீட்டர் எதற்கு, இரண்டு ஹோஸையும் ஒன்றாக இணைத்துவிடலாம்' என்று சில பட்டறைகளில் சொல்வார்கள். சமவெளியில் மட்டுமே ஓடும் வண்டிக்கு இது தவறென்று சொல்ல மாட்டேன். தேயிலைக்கும் பூண்டுக்கும் மலையேறுகிறவர்கள் சம்மதிக்க வேண்டாம். பனியில் முன்கண்ணாடி மங்கும்போது துடைக்க உதவுவது ஹீட்டர்தான். ஏற்றத்தில் இன்ஜின் சூட்டு முள் ஏறினால், ஹீட்டரையும் ஃபேனையும் முழுதாகத் திறந்து இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் இறக்கவும் முடியும்.

புது வால்வு போட்டபின் மாதம் ஒருமுறை நெம்புகோலை இரு பக்கமும் தள்ளிவிடுங்கள். குழாய்த் தண்ணீருக்குப் பதில், டிஸ்டில்டு வாட்டரில் கூலண்ட் கலந்து ஊற்றுங்கள்.

மளிகைக் கடைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. வழக்கமான கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். ஆனால் கொடிய விஷம். மிச்சத்தைக் காலி குளிர்பான பாட்டிலிலோ எண்ணெய் கேனிலோ ஊற்றிக் கடையில் வைக்காதீர்கள். கசிவுள்ள வண்டியில் அரிசி, பருப்பு மூட்டைகளைத் தரையோடு ஏற்றவும் வேண்டாம்.